கார்மோடியில் மனப்பான்மை வாரம்

கார்மோடி ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு ஆராய்ச்சி பிடிப்பதில்லை என்பதை வட சமவெளி சுகாதார மண்டலம் ஆராய்ச்சி செய்தே கண்டுபிடித்தது. கண்டுபிடிக்கச் சில வருஷங்கள் ஆயின. அந்த வருஷங்களில் ஆஸ்பத்திரியின் கொதிகலன் இரண்டு தடவை நின்றுபோயிற்று, பிரசவ வார்டை மூடினார்கள், எக்ஸ்ரே எடுக்கிறவர் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போய்விட்டார். இதெல்லாம் மண்டலத்தின் கண்ணில் படவில்லை என்று சொன்னால் பாவம். பட்டது. ஆனால் கொதிகலன் நின்றதற்குக் காரணம் நர்ஸுகளின் மனப்பான்மைதான் என்று நிரூபிக்க வழி அகப்படாததால் அதை விட்டுவிட்டார்கள்.

முடிவு வந்த கையோடு மண்டலம் ஒரு வாரத்தை ஒதுக்கியது. மனப்பான்மை வாரம் என்று அதற்குப் பெயர். நகரத்திலிருந்து ஒரு குழு வந்து நர்ஸுகளின் மனத்தை அளந்து, திருத்தி, மறுபடி அளந்து பார்க்கும் என்று சுற்றறிக்கை சொன்னது. காப்பி அறையில் அதை ஒட்டியிருந்தார்கள். ஆர்டித் ஹால்வர்சன் அதைக் கையில் கோப்பையோடு நின்றே படித்தாள்.

ஆர்டித்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் இருபது வருஷமாக நர்ஸ். நர்ஸ் பத்திரிகை ஒன்றுக்குச் சொந்தக் காசில் சந்தா கட்டி, சாப்பாட்டு நேரத்தில் ஊறுகாய்ச் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே வாசிக்கிறவள். அப்படித்தான் மூன்று வருஷம் முன்னால், ஆப்பரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரைக்கும் நோயாளி பச்சைத்தண்ணீர் குடிக்கலாம், அதனால் ஒரு கெடுதலும் இல்லை என்று படித்தாள். கார்மோடியில் அப்படி இல்லை. பதினைந்து நாளுக்கு ஒரு வியாழக்கிழமை நகரத்திலிருந்து சர்ஜன் காரோட்டி வருவார். அதற்கு முந்தின புதன் ராத்திரி, மறுநாள் பட்டியலில் இருக்கிற எல்லா நோயாளிகளின் அறைகளிலிருந்தும் தண்ணீர் ஜாடிகளைத் தூக்கிவிட வேண்டும் என்பது மண்டலத்தின் விதி. பனிக்காலத்தில் சர்ஜன் சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. விதி மட்டும் நேரம் தவறியதே இல்லை. ஆர்டித் இதை மாற்றச் சொல்லி மண்டலத்துக்கு எழுதினாள். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, விஷயம் விதித் திருத்தக் குழுவின் முன் இருக்கிறது என்று பதில் வந்தது. விஷயம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"எனக்கு ஆராய்ச்சி பிடிக்காதாமே, மேவிஸ்" என்றாள் ஆர்டித்.

மேவிஸ் பாப்கே வார்டிலேயே மூத்தவள். வாயிலும் மூத்தவள். "உனக்குப் பிடிக்கறது இருக்கட்டும்டி. ஆராய்ச்சிக்கு உன்னப் பிடிக்கலபோல" என்று சொல்லிவிட்டு, சுற்றறிக்கையின் ஓரத்தில் தன் கோப்பையைத் துடைத்தாள்.

மனப்பான்மை வாரத்தின் உச்சகட்டமாகக் குழு கார்மோடிக்கு வந்த நாள் ஒரு வியாழக்கிழமை. நாட்காட்டியில் மீதி நாலு வேலை நாளும் காலியாகத்தான் கிடந்தன.

அன்றைய பட்டியலில் ஒரே பெயர்தான் இருந்தது: ஓரெஸ்ட் பாபியுக். எழுபத்தாறு வயதிலும் மாடுகளுக்குத் தானே வைக்கோல் தள்ளுகிறவர். போன மாதம் ஒரு கடுங்குளிர் நாளில் மேய்ச்சல் நிலத்தின் கோடியில் டிராக்டர் நின்றுபோக, நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறார். இடதுகாலில் இரண்டு விரல்களைப் பனி கடித்துவிட்டது. "விரல்தானே" என்று அவர் கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு திரிந்ததில் விரல்கள் கருத்து, சீழ் பிடித்து, சிவப்பு பாதத்துக்கு ஏற ஆரம்பித்திருந்தது. காய்ச்சலும் விடவில்லை. "வியாழக்கிழமை ரெண்டு விரலையும் எடுத்துடறேன். அந்த நாள் தவறிடுச்சுன்னா காலுக்கு நான் பொறுப்பில்ல" என்று சர்ஜன் அடேயெமி போனில் சொல்லியிருந்தார்.

காலையில் ஆர்டித் மூன்றாம் அறைக்குள் போனபோது ஓரெஸ்ட் உதட்டை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதட்டில் தோல் உரிந்திருந்தது.

"ஏம்மா ஆர்டித், ஆஸ்பத்திரிக் குழாயெல்லாம் உறைஞ்சு போச்சா?"

"இல்ல ஓரெஸ்ட். உங்களுக்கு ஆப்பரேஷன் இருக்கு. வயிறு காலியா இருக்கணும்."

"வயித்துலயா விரல் இருக்கு?"

"மயக்கம் குடுக்கறப்ப வாந்தி வந்தா மூச்சுக்குழாய்ல இறங்கிடும். அதுக்குத்தான்."

"தண்ணியுமா?"

ஆர்டித் பஞ்சுக்குச்சியைத் தேடினாள். தண்ணீர் அப்படி இறங்காது, அது வயிற்றில் அவ்வளவு நேரம் தங்கவே தங்காது என்று அவளுக்குத் தெரியும். கையில் டிரிப் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கையில் ஏறுவது நாக்குக்குத் தெரியுமா? குச்சியில் செருகின பஞ்சை நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள். அவர் பஞ்சைப் பல்லால் கவ்விப் பிழிந்து உறிஞ்சினார். அவள் பிடுங்க வேண்டியதாயிற்று.

"நோஞ்சான் கன்னுக்குட்டிக்குக்கூட நான் இப்படிப் பஞ்சு வச்சதில்ல. டாக்டரு எப்ப வராராம்?"

"வந்துக்கிட்டிருக்காரு."

வந்துகொண்டுதான் இருந்தார். காற்றில் தரைப்பனி கிளம்பி நெடுஞ்சாலையை மறைத்துவிட்டது, பனி அள்ளும் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து வருகிறேன், மத்தியானம் ஆகும் என்று ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அதற்கப்புறம் போன் எடுக்காத பிரதேசம். திரும்ப அவரைப் பிடிக்க வழியில்லை.

அவர் வருவதற்கு முன் மனப்பான்மைக் குழு வந்துவிட்டது. முதல் நாள் சாயங்காலமே வந்து மோட்டலில் தங்கியிருந்தார்கள். மூன்று பேர், இரண்டு வண்டிகள், ஒரு நீளப் பதாகை, ஏகப்பட்ட பூ. கார்னேஷன், டெய்சி, இன்னும் என்னென்னவோ. வெளியே மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டுகிற அந்தக் குளிரில், நகரத்திலிருந்து கம்பளிப் போர்வை சுற்றி, வண்டியில் சூடு போட்டு அந்தப் பூக்களைக் கொண்டு வந்திருந்தார்கள். கண்ணாடிச் சாடிகளில் தண்ணீர் ஊற்றி, வாடாமல் இருக்க ஒரு பொடியைக் கலக்கி, அறைக்கு ஒன்றாக வைத்தார்கள். ஒவ்வொரு சாடியின் கழுத்திலும் "ஆராய்ச்சி மலரட்டும்" என்று ஓர் அட்டை தொங்கியது. தண்ணீர் ஜாடி எடுத்த இடம் காலியாக இருந்ததால் மூன்றாம் அறையில் அந்த இடத்திலேயே சாடி பாந்தமாக உட்கார்ந்துகொண்டது.

குழுத்தலைவி முனைவர் கார்லீன் விட்மோர், மண்டலத்தின் சான்றுப் பண்பாட்டு இயக்குநர். ரொம்ப இனிமையானவர். யாரைப் பார்த்தாலும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குள் பார்த்து, பெயரைத் தப்பாகச் சொல்லுவார். காப்பி அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நர்ஸுகளை உட்கார வைத்தார். வார்டில் உதவியாள் ஜொலீன் மட்டும் நின்றாள்.

"உங்க மேல எந்தத் தப்பும் இல்ல" என்று விட்மோர் ஆரம்பித்தார். "அத மொதல்ல மனசுல வாங்கிக்கங்க. தப்பெல்லாம் உங்க மனப்பான்மை மேலதான். இப்ப எல்லாரும் கண்ண மூடுங்க. 'ஆராய்ச்சி'ங்கற வார்த்தைய நான் சொல்லுவேன். ஒடம்புல எந்த எடத்துல அத உணர்றீங்கன்னு சொல்லணும். ஆராய்ச்சி…"

"முட்டியில" என்றாள் மேவிஸ். "அங்க ஏற்கெனவே வலி இருக்கு. அதுவா இதுவான்னு தெரியல."

"அற்புதம்! எதிர்ப்பு மூட்டுல போய்த் தங்கும். குறிச்சுக்கங்க" என்றார் விட்மோர். கூட வந்த உதவியாளர் குறித்துக்கொண்டார்.

பிறகு வண்ணப் பென்சில்கள் கொடுத்து, தனக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள உறவை ஒரு மிருகமாக வரையச் சொன்னார்கள். ஆர்டித் யோசித்து யோசித்து ஒரு மாட்டை வரைந்தாள், அதுதான் அவளுக்கு வரைய வரும். விட்மோர் அதைத் தூக்கிக் காட்டி, மந்தை மனம் என்று விளக்கினார். ஆர்டித் கடிகாரத்தைப் பார்த்தாள். ஓரெஸ்டின் உதடுதான் அவள் கண்ணில் நின்றது.

அடுத்ததாகச் சுவரில் படம் விழுந்தது. படத்தில் ஒரு கண்ணாடி டம்ளர், நிறையத் தண்ணீர்.

"இது ஒரு உதாரணம்" என்றார் விட்மோர். குரலில் துக்கம் கனிந்தது. "ஆப்பரேஷனுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும் தண்ணி குடிக்கலாம். இத ஆராய்ச்சி எத்தனை வருஷமா கத்திக்கிட்டிருக்கு! ஆனா நம்ம கிராமத்து நர்ஸுங்க என்ன பண்றாங்க? இன்னும் ராத்திரியே ஜாடிய எடுத்துடறாங்க. வயசானவங்க நாக்கு வறண்டு கெடக்காங்க. ஏன்? பயம். பழக்கம். மாற்றத்த வெறுக்கற மனசு."

ஆர்டித்தின் கை தானாக மேலே போயிற்று. "அது எங்க பழக்கம் இல்லீங்க. மண்டலத்தோட விதி. மாத்தச் சொல்லி நான் எழுதிக்கூடப் போட்டேன்."

"ரொம்ப நன்றி, ஆர்லீன்! பாருங்க எல்லாரும். தடைய வெளியில தேடறது. மனப்பான்மைக் கோளாறுல இது ரெண்டாவது வகை."

"இல்லீங்க… இப்ப மூணாம் ரூம்ல ஒருத்தர் நேத்து ராத்திரிலேருந்து தண்ணி இல்லாம இருக்காரு. காய்ச்சல் வேற. சர்ஜன் வர இன்னும் ரொம்ப நேரம் ஆகும். அவருக்கு இப்ப ஒரு டம்ளர் தண்ணி குடுக்கலாமா?"

"குடுக்கலாம்னுதான் ஆராய்ச்சி சொல்லுது."

"அப்ப நான் போய்க் குடுத்துட்டு வரேன்."

"ஐயோ, குடுக்கக் கூடாது!" விட்மோர் எழுந்தே விட்டார். "விதி இருக்கே!"

"நீங்கதானே இப்ப…"

"நான் சொன்னது மனப்பான்மையப் பத்தி. இந்தத் திட்டத்துல நாம மனப்பான்மைக் கட்டத்துல இருக்கோம். பயன்படுத்தற கட்டம் அடுத்த திட்டத்துல வருது, அதுக்கு நிதி கேட்டிருக்கோம். மனசு மாறறதுக்கு முன்னாடி கை மாறிடுச்சுன்னா எங்க அளவீடு என்ன ஆகும்? இன்னிக்கு நீங்க அவருக்குத் தண்ணி குடுத்துட்டா, கார்மோடி நர்ஸுங்க ஆராய்ச்சியப் பயன்படுத்தறதில்லைங்கற எங்க அடிப்படையே ஆடிப்போயிடும்."

மேவிஸ் வாயைத் திறந்து, எந்தக் கெட்ட வார்த்தை பொருந்தும் என்று முடிவு செய்ய முடியாமல், மூடிக்கொண்டாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே வரம் கிடைத்த செய்தியைப் பாட்டாகப் பாடிவிட்டுக் கதவைச் சாத்துகிற பூசாரி.

ஆர்டித் கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து, நகரத்தில் ஆப்பரேஷன் பட்டியலைப் பார்த்துக்கொள்கிற அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"தண்ணி குடுத்தா எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றது மறுமுனை. "ஆனா நீங்க அத கம்ப்யூட்டர்ல ஏத்தினதும் பேரு பட்டியல்லேருந்து தானா விழுந்துடும். நாங்க ஒண்ணும் பண்றதில்ல. அதுவா விழும்."

"ஏத்தலன்னா?"

"ஏத்தலன்னா உங்க லைசென்சு விழும்."

"விழுந்த பேர திரும்ப ஏத்த முடியாதா?"

"ஏத்தலாமே. அடுத்த வியாழக்கிழமைக்கு. அது பதினஞ்சு நாள் கழிச்சு."

அடுத்த வியாழன் வரைக்கும் அந்தக் கால் காத்திருக்காது. ஆர்டித் போனை வைத்தாள். மூன்றாம் அறை வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். ஓரெஸ்ட் கண்ணை மூடிக்கொண்டு வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரைக் கொடுத்தால் காலுக்கு ஆபத்து, கொடுக்காவிட்டால் மனுஷன் காய்ந்துபோகிறான். அவள் பஞ்சுக்குச்சியை எடுத்தாள், வைத்தாள். அப்புறம் வட்டத்துக்கே திரும்பிப் போனாள். அன்று அவள் செய்ததிலேயே ஈனமான காரியம் அதுதான். அவளுக்கே அது தெரிந்தது.

வட்டத்தில் கேள்வித்தாள் வந்திருந்தது. "ஆராய்ச்சி முடிவுகளைப் பயன்படுத்த எனக்கு ஆசை உண்டு" என்பது முதல் கேள்வி. "முடிவுகளைப் பயன்படுத்த என் நிறுவனம் எனக்கு ஊக்கம் தருகிறது" என்பது இரண்டாவது. இரண்டுக்கும் ஒரே பதில் தராதவர்கள் குழம்பிய மனத்தினர் என்று கணக்கிடப்படும் என்று அடிக்குறிப்பு சொன்னது. நோயாளிகளைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. மேவிஸ் எல்லாவற்றுக்கும் நடுக்கட்டத்தில் குறி போட்டுவிட்டுப் பின்னல் வேலையை எடுத்துக்கொண்டாள்.

கடைசியாகக் குழுப்படம். பதாகை நீளமாக இருந்ததால் உள்ளே இடம் போதவில்லை. எல்லாரும் வாசலுக்கு வரவேண்டும் என்றார் விட்மோர். கோட்டு போட்டால் பெயர்ப்பட்டை மறையுமாம், அதனால் கோட்டு கூடாது. ஆஸ்பத்திரியின் ஒற்றுமை தெரிய வேண்டும், அதனால் உதவியாள் ஜொலீனும் வரவேண்டும்.

"வார்டுல யாருமே இல்லாம எப்படி?" என்று கேட்டாள் ஆர்டித்.

"ஒரே ஒரு கிளிக்தான்!"

ஒரே ஒரு கிளிக்குக்குக் காமெரா ஒத்துழைக்கவில்லை. குளிரில் அதன் பேட்டரி செத்துப்போயிற்று. படம் பிடிக்கிறவர் அதை எடுத்துத் தன் அக்குளில் வைத்துச் சூடேற்றினார். நர்ஸுகள் பல் கிட்டித்துப் பதாகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காற்று பதாகையை முறுக்கியது. சிரிக்கச் சொன்னார்கள். சிரித்த உதடு அப்படியே உறைந்துகொண்டது.

அவர்கள் உள்ளே வந்தபோது மூன்றாம் அறையிலிருந்து ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. ஓரெஸ்ட் கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். தரையில் கார்னேஷன்கள் சிதறிக் கிடந்தன. சாடி அவர் மடியில், காலி. அட்டை மட்டும் அதன் கழுத்தில் ஆடியது. காம்பு ஊறின தண்ணீரை, வாடாப் பொடியோடு, அடி வரைக்கும் குடித்திருந்தார். அவர் சட்டையிலும் படுக்கையிலும் பச்சையாக வழிந்தது. அதில் ஒரு டெய்சி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. பூக்காம்பும் புளிப்பும் கலந்த நாற்றம் அறையை நிறைத்தது.

"மணி அடிச்சேன்" என்றார் ஓரெஸ்ட், வாயைத் துடைத்துக்கொண்டு. "யாரும் வரல. மன்னிச்சுக்கம்மா. ரொம்பத் தாகமாயிருச்சு."

மன்னிப்புக் கேட்டது அவர். வேறு யாரும் கேட்கவில்லை. ஆர்டித் அவரைத் தாங்கிப் பிடித்தாள். மேவிஸ் வாளியைக் கொண்டு வந்தாள். விட்மோர் வாசலிலேயே நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, உதவியாளரைக் கேட்டார்: "பூச்சாடித் தண்ணி தெளிவான திரவத்துல சேருமா, சேராதா? பாத்துச் சொல்லுங்க."

சாயங்கால வெளிச்சம் மங்கும்போது சர்ஜன் அடேயெமி பூட்ஸிலிருந்து பனியை உதறிக்கொண்டு வந்து சேர்ந்தார். களைத்துப் போயிருந்தார். நோயாளியைப் பார்த்தார், காலைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"இப்படி வாந்தி எடுத்துக்கிட்டிருக்கற ஆளுக்கு இன்னிக்கு நான் மயக்கம் குடுக்க முடியாது" என்றார். "ராத்திரிக்குள்ள ரோடு மறுபடி மூடிடும், நானும் கெளம்பணும். ஆமா, இவருக்கு ஏன் தண்ணி குடுக்கல? நான் வர்ற வரைக்கும் சும்மா குடிச்சிருக்கலாமே. நகரத்துல இதையெல்லாம் விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு."

"விதிங்க" என்றாள் ஆர்டித். "மாத்தறதுக்குக் குழுவுல இருக்கு."

"எந்தக் குழு?"

அவள் குழுவின் பெயரைச் சொன்னாள். சர்ஜன் கையுறையைக் கழற்றுவதை நிறுத்தினார்.

"அதுல நானும் இருக்கேன்" என்றார். "அது கூடினதே இல்லம்மா. கிராமத்து நர்ஸ் ஒருத்தர் உறுப்பினரா இருக்கணும்னு சட்டம். அந்த எடம் காலி. ஆளப் போடறதுக்கு மொதல்ல கிராமத்து நர்ஸுங்க மனப்பான்மை சரியா இருக்கான்னு அறிக்கை வரணும்னாங்க."

எல்லாரும் விட்மோரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அறிக்கை மிக விரைவில் வரும்" என்றார் விட்மோர் மலர்ந்த முகத்தோடு.

சர்ஜன் மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டார். அவரும் சத்தம் போடவில்லை. ஆர்டித்துக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. விட்மோரையும், போனில் பேசிய குரலையும், முக்கியமாகத் தன்னையும்.

மண்டலம் மெத்தனமானது என்று பேசுகிறவர்கள் அதற்கப்புறம் நடந்ததைக் கேட்க வேண்டும். மறுநாள் பொழுது சாய்வதற்குள் புதிய விதி வந்துவிட்டது: வட சமவெளியின் எந்த ஆஸ்பத்திரியிலும் இனி பூ வைக்கக் கூடாது. இதற்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை, குழு தேவைப்படவில்லை, கிராமத்து உறுப்பினரும் தேவைப்படவில்லை. கார்மோடி மாதா கோயில் பெண்கள் யாரோ ஒரு கிழவிக்குக் கொண்டு வந்த காகிதப் பூவைக்கூட வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். தண்ணீர் விதி இருந்த இடத்திலேயே இருந்தது.

விசாரணையும் நடந்தது. பூச்சாடித் தண்ணீர் தெளிவான திரவமா என்பதைப் பாதி நாள் பேசினார்கள். குடிக்கும்போது தெளிவாகவும் வெளியே வரும்போது கலங்கலாகவும் இருந்தது என்று தீர்மானமாயிற்று. நோயாளி விதியை மீறியதாக அவருடைய கோப்பில் எழுதினார்கள். அந்தச் சமயத்தில் நோயாளியின் கால் அங்கே இல்லை. பனிப்புயல் ஓய்ந்து ஆம்புலன்ஸ் அவரை நகரத்துக்குக் கொண்டு போவதற்குள் சிவப்பு கணுக்காலைத் தாண்டிவிட்டது. இரண்டு விரலோடு போயிருக்க வேண்டியது, முழங்காலுக்குக் கீழே எல்லாம் போயிற்று. விட்மோர் இந்த அனுபவத்தைக் கட்டுரையாக்கி ஒரு கடற்கரை ஹோட்டல் மாநாட்டில் வாசித்தார். கிராமத்து நர்ஸுகளுக்கு ஆராய்ச்சியில் நம்பிக்கை இல்லாததால் வரும் கேடுகளுக்கு அதில் ஓரெஸ்ட் ஓர் எடுத்துக்காட்டு. எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

பனி உருகிச் சாலை சேறாகிற பருவத்தில் ஓரெஸ்ட் புண்ணுக்குக் கட்டு மாற்றக் கார்மோடிக்கு வந்தார். மாடுகளை விற்றுவிட்டார். சக்கர நாற்காலியைப் பக்கத்துப் பண்ணைக்காரர் தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். ஆர்டித் கட்டைப் பிரித்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் ஓரெஸ்ட். "நகரத்து ஆஸ்பத்திரியில என் கால வெட்டறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் தண்ணி குடுத்தாங்க. கேட்டேன், அது ஒண்ணும் பண்ணாதுன்னாங்க. உனக்கு அது தெரியாதாம்மா?"

"தெரியும்."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கும் தெரியும். அதுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். கோபம் வரும் என்று ஆர்டித் காத்திருந்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கப்பன்கிட்ட ஒரு கெழட்டு நாய் இருந்திச்சு. சாகக் கெடந்துச்சு. சுட்டுடலாம்னு துப்பாக்கி எடுத்தாரு. அதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம் தண்ணி வச்சாரு. யாரும் சொல்லல. அவரு படிச்சவரும் இல்ல" என்றார் ஓரெஸ்ட். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடு. நல்லா இறுக்கிக் கட்டு" என்றார்.

அவள் இறுக்கிக் கட்டினாள்.

அதற்கு அடுத்த புதன் ராத்திரி ஆர்டித் ஒரு ஜாடியையும் எடுக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் அவளே அறை அறையாகப் போய் ஊற்றிக் கொடுத்தாள். சர்ஜன் கிளம்பினதும் வழியில் போன் எடுக்கிற இடமாகப் பார்த்துக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குச் சொல்லி வைத்திருந்தாள். அந்த அழைப்பு வந்த பிறகுதான் டம்ளர்களை எடுப்பாள். சர்ஜனுக்கும் மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, தவறாமல் கூப்பிட்டார். ஒருவரும் வாந்தி எடுக்கவில்லை, ஒருவர் பெயரும் பட்டியலிலிருந்து விழவில்லை. ஏனென்றால் ஆர்டித் கம்ப்யூட்டரில் எதையும் ஏற்றவில்லை. லைசென்சு விழுந்தால் விழட்டும் என்று இருந்துவிட்டாள். மண்டலத்துக்கும் தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் யாராவது வந்து ஒரு நோயாளியின் வாயைப் பார்க்க வேண்டும், அதற்கு மண்டலத்தில் பதவி எதுவும் இல்லை.

இலையுதிர்காலத்தில் அறிக்கை வந்தது. ஆராய்ச்சி மனப்பான்மையில் வட சமவெளி முழுவதிலும் கடைசி இடம் கார்மோடி. நர்ஸ் ஆர்டித் ஹால்வர்சன் குழம்பிய மனத்தினர், மந்தை மனம் உடையவர், தடையை வெளியில் தேடுகிறவர் என்று தனிப் பத்தி போட்டிருந்தார்கள். முதல் இடம் ஹாரோகேட் ஆஸ்பத்திரிக்கு. அங்கே நர்ஸுகள் எல்லாக் கேள்விக்கும் முற்றிலும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அங்கே இன்னும் புதன் ராத்திரி ஜாடி எடுக்கிறார்கள், முதல் பரிசுக் கேடயத்தை ஜாடி அலமாரிக்கு மேலேயே மாட்டியிருக்கிறார்கள் என்று அங்கே வேலை பார்க்கும் மேவிஸின் தங்கச்சி சொன்னாள்.

ஆர்டித் நகரத்துக்குப் போய் மனப்பான்மைத் திருத்தப் பயிற்சியில் சேரவேண்டும், சேராவிட்டால் வேலை கிடையாது. குளிர்காலம் முழுவதும் நடக்கும். வகுப்பு வியாழக்கிழமைகளில்.

அவள் கடிதத்தைக் காப்பி அறை மேஜையில் போட்டாள். "நான் போகல மேவிஸ். வேலைய விட்டுடறேன். நான் இல்லாத அன்னிக்கு இவங்களுக்கெல்லாம் யாரு…"

மேவிஸ் கடிதத்தை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் படித்தாள். அவளுக்கு இன்னும் ஒரு வருஷத்தில் ஓய்வு. இருபத்தேழு வருஷமாக ஒரு விதியையும் அவள் மீறினதில்லை, ஒரு விதியையும் மதித்ததுமில்லை.

"வேலைய விட்டுட்டு? வீட்ல உக்காந்து ரொட்டி சுடப் போறியா?" என்றாள். "போடி. போய் அந்த வட்டத்துல உக்காரு. அந்தப் பொம்பள என்ன கேட்டாலும் ஆமான்னு எழுதிக் குடு. முட்டியில உணர்றியான்னா ஆமான்னு சொல்லு. திரும்பி வந்து என்கிட்ட அதப் பத்தி ஒரு வார்த்த பேசாத, கொமட்டும்."

கடிதத்தை நாலாக மடித்து ஆர்டித்தின் பையில் செருகினாள். பிறகு எழுந்து, வலிக்கிற முட்டியைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்குப் போய், ஜாடியை நிரப்ப ஆரம்பித்தாள்.

"எந்தெந்த ரூம்னு மட்டும் சொல்லிட்டுப் போ."